ராகு காலத்துக் கட்சி

அனகாபுத்தூரில் எங்கள் கட்சிக்கு முதல் கொடிக்கம்பம் நட்டவன் நான். இப்போது பளபளவென்று நிற்கும் எவர்சில்வர் குழாயைச் சொல்லவில்லை. அன்றைக்கு நட்டது சவுக்குக் கட்டை. இரண்டு தடவை பிடுங்கி ஆற்றில் போட்டார்கள். இரண்டு தடவையும் அதே குழியில் புதுக் கட்டை நட்டேன். மூன்றாம் தடவை பிடுங்க யாரும் வரவில்லை.

படிப்பகம் கட்டியவனும் நான்தான். தகரக் கூரை போட்டேன், பிறகு ஓடு மாற்றினேன், பிறகு ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போட்டேன். வெள்ளத்தில் அடையாறு உள்ளே வந்து பேப்பர், புத்தகம், பெஞ்சு எல்லாவற்றையும் ஊறப்போட்டது. அந்தச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, அடுத்த வெள்ளத்துக்கு ஜனங்கள் ஏறி நிற்க மாடியும் எழுப்பினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஊருக்குப் படிப்பகம் கட்டினேன். காலேஜ் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருத்தரும் கட்டவில்லை.

ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு வாடகை சைக்கிள், இவ்வளவுதான் என் முதல். அதை வைத்துக்கொண்டு சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்தேன். பம்மல், பொழிச்சலூர், குன்றத்தூர் ரோடு, தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் என் குழாய் கத்தாத தெரு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மாதா கோவில் தேர், ஆடிக் கூழ் எல்லாவற்றுக்கும் நான்தான். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் செட்டு கட்டுவேன். தொழில் வேறு, கட்சி வேறு. அவர்கள் மேடையில் ஏறி எங்கள் கட்சியைத் திட்டுவார்கள். நான் கீழே உட்கார்ந்து அந்தத் திட்டு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்து வால்யூமைக் கூட்டுவேன். இந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால் தினம் இதே பேச்சுதான். கட்சி என்றால் எல்லாரையும் அணைத்துக்கொண்டு போக வேண்டுமா, கொள்கைதான் பெரிது என்று நிற்க வேண்டுமா? டிவியில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு இதையே கத்துகிறார்கள். ஒருத்தரும் ஒரு கிளையை நடத்தியவர் இல்லை. நான் நடத்தியிருக்கிறேன். எங்கள் மாடித் திறப்பு விழாவில் இந்தக் கேள்வி என் வாசலுக்கே வந்தது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் கல்வெட்டில் வேறு என்னவோ இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் கிளைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விழாவாக இருந்தாலும் ராகு காலத்தில்தான் நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை நாலரை. கொடியேற்றம், படிப்பக ஆண்டு விழா, உறுப்பினர் கல்யாணம் எல்லாம் அப்படித்தான். பக்கத்து வட்டத்துக்காரர்கள் எங்களை "ராகு காலத்துக் கட்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், பிறகு எங்களுக்கே பெருமை ஆகிவிட்டது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் கொண்டுவந்தவன் நான். அந்தக் காலத்தில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு செட்டு. ஞாயிறு காலை முகூர்த்தத்துக்குப் போனால் மத்தியானம் திரும்பி வரும். சாயங்கால வரவேற்புக்கு ஆறு மணிக்கு மேல்தான் கேட்பார்கள். ராகு காலத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் செட்டை வாசலில் இறக்க விடமாட்டார். நாலரையிலிருந்து ஆறு வரை செட்டு ஷெட்டில் சும்மா கிடக்கும். கட்சிக்கோ வாடகை கொடுக்க வக்கில்லை. சும்மா கிடக்கிற நேரத்தில் சும்மா கொடுத்தேன். கூட்டம் நடந்தது. கட்சி வளர்ந்தது. இதுதான் விஷயம். இந்த யோசனை படித்த எவனுக்காவது வந்திருக்குமா?

அந்தச் சவுக்குக் கட்டை நாட்களிலேயே படிப்பகத்தின் முதல் திறப்பும் ராகு காலத்தில்தான் நடந்தது. ரிப்பன் வெட்ட ஒரு அரிசி மண்டிக்காரரைக் கூப்பிட்டிருந்தோம். சரி சரி என்று தலையாட்டியவர் அன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேரத்தைப் பார்த்துவிட்டு வந்த வயிற்று வலி. கூட்டம் நிற்கிறது, கத்தரி என் கையில் இருக்கிறது, வெட்ட ஆள் இல்லை. அப்போது சாக்கடை ஓரமாகக் கீரைக்கார அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர், அந்த வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அக்கா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் கடைசி ஆளாகத்தான் நிற்பாள். யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நின்றாள்.

நான் மைக்கிலேயே கூப்பிட்டேன். "கீரைக்கார அக்கா, முன்னாடி வா."

"நானா? இன்னாபா, வெள்ளாடுறியா? நல்ல காரியத்துல நான் இன்னாத்துக்கு?"

"நேரமே கெட்ட நேரம்க்கா. அதுல நீ வந்து புச்சா இன்னா கெடுத்துடப் போற?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து வெட்டினாள். எங்கள் கிளையில் முதல் பெண் உறுப்பினர் அவள்தான். அதற்குப் பிறகு எந்த விழாவானாலும் முதல் கை அவளுடையதுதான். அந்தக் கத்தரி இன்னும் என் ஷெட்டில் இருக்கிறது. இன்சுலேஷன் டேப் வெட்டுகிறேன்.

சில வருஷம் கழித்து வாத்தியார் எங்கள் கிளையில் சேர்ந்தார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், கிறிஸ்தவர். காலையில் சர்ச்சு, சாயங்காலம் ராகு காலக் கூட்டம், இரண்டுக்கும் சரியாக வந்துவிடுவார். பேச எழுந்தால் மழை மாதிரி கொட்டுவார். விமானம் தாழப் பறக்கும்போது மட்டும் நிறுத்துவார். ஏர்போர்ட் பக்கத்து ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்து நிற்பார்கள். எங்கள் ராகு கால வழக்கத்துக்கு வாத்தியார் பெரிய பெரிய காரணமெல்லாம் சொன்னார். மூடநம்பிக்கைக்கு எதிரான போர் என்றார். நல்ல நேரம் என்பது நாலு பேருக்கு நல்லது, நாற்பது பேருக்குப் பூட்டு என்றார். நானும் கைதட்டினேன். நான் செய்ததற்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இனி மாடி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆற்றுப் பக்கம் ஒரு காலனி இருக்கிறது. பேங்க், டெலிபோன், ஸ்கூல் என்று சம்பள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இப்போது ஐ.டி. வேலைக்குப் போகிற அவர்கள் பிள்ளைகள். வெள்ளத்துக்கு முன்னால் எங்களைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போவார்கள். வெள்ளத்தில் அவர்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தது எங்கள் பையன்கள். படகு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். அதிலிருந்து முகம் மாறியது. மாடி கட்டும்போது காலனிச் செயலாளர் சிமெண்ட் மூட்டை அனுப்பினார். அவர் பேங்கில் மேனேஜராக இருந்தவர், பதமான மனிதர். திறப்பு விழா அன்றைக்குக் காலனியே வந்து கட்சியில் சேரும் என்று சொன்னார். வட்டத் தேர்தல் வரப்போகிற சமயம். காலனி வந்தால் வட்டம் நம்முடையது. எங்கள் மாவட்டச் செயலாளர் இதைக் கேட்டுப் போனிலேயே சிரித்தார். அவரை நாங்கள் "மாவட்டம்" என்றுதான் சொல்வோம், என்னை "வட்டம்" என்பது போல.

ஒரு வாரம் கழித்துக் காலனிச் செயலாளர் என் ஷெட்டுக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டி மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்.

"சார், ஒரு சின்ன ரெக்வெஸ்ட். நாங்க ஆப்போஸ் பண்றோம்னு நெனைக்காதீங்க. அந்த டைம் மட்டும் கொஞ்சம்..."

"ராகு காலமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். வீட்ல லேடீஸ்தான். புதுசா ஒரு எடத்துல காலடி வெக்கறோம், அந்த நேரத்துல வேணாம்னு ஃபீல் பண்றாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சா எல்லாரும் வந்துடுவாங்க."

வாத்தியார் ஒரு ஓரமாக நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்தார். செயலாளர் போகும் வரை பொறுத்தார், அவ்வளவுதான்.

"முடியாதுன்னு சொல்லு. இது அடிப்படைக் கொள்கைய்யா. இன்னைக்கு ஒரு மணி நேரம்பான். நாளைக்குக் குத்துவிளக்கும்பான். நாளன்னைக்கு ஹோமம். நேரத்தை மாத்தினா நான் கிளைய விட்டு விலகிடுவேன், சொல்லிட்டேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போனால் அவர் பின்னாலேயே போகப் பழைய ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் வாத்தியார், நடுவில் நான் கட்டிய கிளை. இரண்டாக உடைந்தால் மாடி எதற்கு, படிக்கட்டு எதற்கு?

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டேன். "வாத்தியாரே, ராகு காலம் எத்தினி மணிக்குன்னு நீங்க எப்டி பாக்குறீங்க?"

"காலண்டர்ல."

"அவங்க?"

"காலண்டர்..." என்றவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு பேரும் அதே தாளத்தான கிழிக்கிறீங்க? அவங்க அந்த நேரம் வேணாம்னு பாக்குறாங்க, நீங்க அந்த நேரம்தான் வேணும்னு பாக்குறீங்க. ராகுவுக்கு ரெண்டு பேருமே மரியாத குடுக்குறீங்க, சாமி."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் விடவில்லை. செட்டு சும்மா கிடந்த கதையைச் சொன்னேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

"வாடகைக்குப் போகாத நேரமா?"

"ஆமா."

"யோவ், இத வெளிய சொல்லித் தொலைக்காத. நான் இத வெச்சு எத்தனை கட்டுரை எழுதியிருக்கேன்!"

"நீங்க எழுதுனது நல்லாதான் கீது. ஆனா நேரம் என்னுது. வெச்சவன் நான். எடுக்கறதும் நான்."

காலையில் வைக்கலாமா என்று கேட்டேன். உடனே, "பத்து மணிக்கு ஆராதனை இருக்கே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்றரை என்றேன். அவர் சர்ச்சும் போகாது, காலனிக்கு ராகுவும் குறுக்கே வராது. செயலாளருக்குப் போன் செய்தேன். "குளிகை சார்! ஒரு காரியம் பண்ணா திரும்பத் திரும்ப நடக்கும்" என்றார். "நல்லதாப் போச்சு, மாடி மேல மாடி எழும்பட்டும்" என்றேன்.

வாத்தியார் அன்றைக்கு விலகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே டீ குடித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எல்லாரையும் அணைத்துப் போனால் போதும், கொள்கையாவது ஒன்றாவது என்று நானும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மாவட்டம் காரில் வந்து இறங்கினார். வயசில் என் மகனைவிடச் சின்னவர், ஆனால் காரிலிருந்து இறங்குகிற விதத்தில் நல்ல பழக்கம். மாடியில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. செயலாளரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். வாத்தியாரும் இருந்தார். எல்லாரும் சுவரில் படாமல் நடுவிலேயே நின்றோம்.

செயலாளரின் மனைவிதான் பேச்சை ஆரம்பித்தார். "திறப்பு விழாவுல ரிப்பன் யார் கட் பண்றாங்க சார்?"

"கீரைக்கார அக்காங்க. அவங்கதான் எப்பவும்."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். புருஷன் மாவட்டத்தைப் பார்த்தார். ஏற்கெனவே பேசி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

"அண்ணா," என்று என் தோளில் கை போட்டார் மாவட்டம், "காலனில ஒரு பெரியம்மா இருக்காங்களாம். சஷ்டியப்த பூர்த்தி எல்லாம் முடிச்சவங்க. அவங்க வெட்டட்டும். நம்ம அக்காவுக்கு மேடைல சால்வை போட்டு கௌரவப்படுத்திடலாம். முன் வரிசைல சேர் போடலாம்."

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அந்த அம்மா, "அவங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஃபர்ஸ்ட் டைம் வர்றோம் இல்லையா, ஒரு சுமங்கலி கையால நடந்தா..."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கும்னு சொன்னேன்ல?" என்று கேட்கிற பார்வை. அவர் சொன்னது பலித்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு இது ஒரே கயிறு. நேரத்தை விட்டால் ஆளையும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தார். எனக்கு அது இரண்டு கயிறு என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. நேரம் நாங்கள் பயன்படுத்திக்கொண்டது. அதற்கு வலிக்காது. சாக்கடை ஓரத்தில் நின்ற பெண்பிள்ளையை முன்னால் கூப்பிட்டோமே, கட்சி என்றால் அதுதான். எங்களிடம் இருந்த கொள்கை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் மேல் போட்ட பெயிண்ட்.

"நேரம் கேட்டீங்க, குடுத்தேன்," என்றேன். "ஆளக் குடுக்க மாட்டேன் சார்."

மாவட்டம் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். சொல்வதைச் சொல்ல வேண்டும், அவர் பேசியதிலும் நியாயம் இருந்தது. "அண்ணா, யோசிங்க. நாம ஜெயிச்சாத்தான் அக்கா மாதிரி ஆளுங்களுக்கு எதனா செய்ய முடியும். தோத்துட்டு கொள்கையத் தலைக்கு வெச்சுப் படுத்துக்கினா அக்காவுக்கு இன்னா லாபம்? எல்லாரையும் சேக்கணும்னு நீங்கதான எப்பவும் சொல்வீங்க? காலனியும் எல்லாருல சேத்திதான?"

"காலனியும் சேத்திதான். ஆனா எல்லாரும்னா உள்ள கீறவங்களையும் சேத்துத்தாம்பா எல்லாரும். வாசல்ல நிக்கிறவங்கள உள்ள உடறதுக்கு, உள்ள கீற ஆள ஓரமா நிக்கச் சொன்னா அது இன்னாத்த சேர்ப்பு? ஆள் மாத்தறது."

"ஜெயிச்சப்புறம் அக்காவ முன்னாடி கூப்பிடலாமே?"

"அப்ப எந்த நேரம் பாத்துக் கூப்புடுவ?"

அவர் கையைத் தோளிலிருந்து எடுத்தார். "தோத்தா உங்க தலைலதான் விழும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப் பக்கம் போனேன். அக்கா சாக்கு விரித்துச் சிறுகீரையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாபா, மாடி தொறக்க நான் வரக்கூடாதாமே?" என்றாள்.

"எவன் சொன்னான்?"

"எவனும் இல்ல, அந்தக் காலனி அம்மாதான். நல்ல மாதிரிதான் சொல்லிச்சு. 'வருத்தப்படாதீங்கம்மா'ன்னு சொல்லி ரெண்டு கட்டு சேத்து வாங்கினு போச்சு." தண்ணீர் தெளித்தாள். "வுடுபா. ஞாயித்துக்கெழம முருங்கக்கீர நல்லா போவும். எனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

"நீ வர்லன்னா விழா இல்லக்கா."

"தோ பாரு. அப்பால எலெக்சன்ல தோத்துட்டு என் தலைல போடுவ."

"என் தலைல போட்டுக்கறேன். ஏற்கெனவே புக் பண்ணிட்டாங்க."

"உன் தலையா? அதுல இன்னா கீது, மொட்ட." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கத்திரியாவது புச்சா வாங்குனியா, இல்ல அதே துருப்புடிச்சதா?"

வருகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு மூன்றரைக்கு நாற்காலி எல்லாம் போட்டாயிற்று. எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். காலனிக்கு என்று போட்ட வரிசைகளில் முக்கால்வாசி காலி. செயலாளரின் மனைவி வரவில்லை. மாவட்டம் வந்தார், செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திறப்பில் அக்காவைக் கூப்பிட்டதை விட்டால், இத்தனை வருஷம் மைக்கில் நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" தவிர வேறு பேசியதில்லை. அன்றைக்கு வாத்தியாரிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"காலனிக்காரங்க கேட்ட நேரத்துலதான் விழா நடக்குது. வந்தவங்களுக்கு வணக்கம். வராதவங்க சேரு அப்படியே இருக்கட்டும், எடுக்க மாட்டோம். எப்ப வேணா வரலாம். ரிப்பன் அக்காதான் வெட்டுவாங்க. அது மட்டும் மாறாது."

இவ்வளவுதான் என் பேச்சு. பேசி முடிக்கவும் ஒரு விமானம் வந்தது. எல்லாரும் காத்திருந்தோம். சத்தம் ஓய்ந்ததும் பார்த்தால் கேட் பக்கம் செயலாளர் நிற்கிறார். ஒரு கையில் ஹெல்மெட். பக்கத்தில் வெளிர் நிறச் சேலை கட்டிய வயதான ஒரு பெண்மணி.

"எங்க அக்கா சார்," என்றார் என்னிடம். "எங்களோடதான் இருக்கா. எம் பையன் கல்யாணத்துல கூட ரூம விட்டு வெளிய வரல. யார் வெட்டறாங்கன்னு பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

அவரை முன் வரிசைக்குக் கூப்பிட்டேன். "இங்கேயே நிக்கறேன், நல்லாத் தெரியறது" என்றார். பிறகு எங்கள் அக்கா கத்தரியை எடுத்ததும், யாரும் கூப்பிடாமலே நடந்து முன்னால் வந்துவிட்டார்.

துருப்பிடித்த கத்தரிதான். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. "தொறப்பு விழாவுக்கு இன்னொரு கத்திரி வாங்கத் துப்பில்ல, கட்சி நடத்துறானாம்" என்று அக்கா சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. கூட்டம் விசிலடித்தது. வாத்தியார் கைதட்டிய தட்டில் அவர் கண்ணாடி நழுவியது. காலனியிலிருந்து அன்றைக்கு உறுப்பினர் அட்டை வாங்கியவர் ஒருத்தர்தான், அந்தப் பெண்மணி.

வட்டத் தேர்தலில் தோற்றோம். கொஞ்ச ஓட்டில்தான், ஆனாலும் தோல்வி தோல்விதான். மாவட்டம் சொன்னபடியே என் தலையில் போட்டார். வாங்கிக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன், அதே நேரத்தை விட்டுக்கொடுத்து, அதே அக்காவை நிற்கவைத்து. எல்லாரையும் சேர்க்க என்னென்ன விட வேண்டுமோ விடலாம். நேரம், சவுக்குக் கட்டை, பழைய பாட்டு, வாத்தியாரின் நீள உரை, எதை வேண்டுமானாலும் விடலாம். ஒரு ஆளைத் தூக்கிப் போட்டுத்தான் சேர்க்க முடியும் என்றால், அங்கே நின்றுவிட வேண்டும். அப்படி நிற்கத் தெரியாத கட்சி நாளைக்கு வேறு யாருக்காகவோ உன்னையும் தூக்கிப் போடும்.

காலி நாற்காலிகள் காலியாகவே இருக்கவில்லை. காலனிப் பிள்ளைகள் இப்போது சாயங்காலம் மாடியில்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் முதலில் கேட்டில் நின்றார்கள், பிறகு படியில் நின்றார்கள், இப்போது மேலே வந்து பேப்பர் படிக்கிறார்கள். செயலாளரின் மனைவியும் வருகிறார். செயலாளர் மட்டும், "நான் நியூட்ரல் சார்" என்கிறார். அவருடைய அக்கா எங்கள் கிளைக் கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுகிறார். அவருக்கு மைக் தேவைப்படுவதில்லை.

இனிக் கல்வெட்டு.

விழா முடிந்த பிறகு மாவட்டம் ஒரு கருங்கல்லை அனுப்பிப் படிக்கட்டுப் பக்கத்தில் பதித்தார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன். மாவட்டச் செயலாளர் திறந்து வைத்தார் என்று இருக்கிறது. அவர் செல்போனைத் தவிர எதையும் திறக்கவில்லை. முன்னிலை வகித்தவர்கள் பெயர் இருக்கிறது. பெயிண்ட் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. ஆண்டு மலரில் வாத்தியார் எழுதிய கட்டுரையோ, கட்சியின் மரபுப்படி ராகு காலத்தில் விழா நடத்தும் கிளை என்று ஆரம்பிக்கிறது. எந்த மரபு? எவன் வைத்த மரபு? அவரிடம் கேட்டேன். "உன் வாடகைக் கதைய எப்படிய்யா போடறது?" என்கிறார்.

போட வேண்டும். அப்படியே போட வேண்டும். வாத்தியார் அடுத்த மலரில், நேரம் வைத்தவன் யார், ஏன் வைத்தான், எதற்காக எடுத்தான் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். கல்லில் கீழே இடம் இருக்கிறது, நான் கையால் தடவிப் பார்த்துவிட்டேன். திறந்து வைத்தவர் என்று அக்காவின் முழுப் பெயரைச் செதுக்க வேண்டும். அதன் கீழே, கட்டியவன், விட்டுக்கொடுக்காதவன் என்று என் பெயர் வர வேண்டும். என் கைக்காசில் செதுக்கிக்கொள்ள எனக்கு வக்கிருக்கிறது, ஆனால் செய்ய மாட்டேன். கட்சி தன் செலவில், தன் கையால் செதுக்க வேண்டும். எந்த நேரத்தில் செதுக்கினாலும் எனக்குச் சம்மதம்.